1780 என்று பொறித்த மரியா தெரேசா தாலர்: மறு அச்சு நாணயத்தை அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

கேட்டவர்: பொதிகைக்காசு

அன்பர்களுக்கு வணக்கம். என் தாய்வழித் தாத்தா ஏமனில் உள்ள ஏடன் துறைமுகத்தில் ஒரு வணிக நிறுவனத்தின் கிடங்கில் கணக்கராக இருந்தவர். 1950-களின் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த தகரப் பெட்டியில் இரண்டு பெரிய வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஒருபுறம் முக்காடிட்ட ஒரு பெண்ணின் மார்பளவு உருவமும், மறுபுறம் இரட்டைத் தலைக் கழுகும் 1780 என்ற ஆண்டும் உள்ளன. உருவத்தின் கீழே எஸ், எஃப் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. இது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் தாலர் என்பதை அறிந்துகொண்டேன். இரண்டில் ஒன்றின் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தடம் தெரிகிறது. மற்றொன்றை என் அம்மா சென்ற பொங்கலுக்கு முன் பூசைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளியும் திருநீறும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். அதைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சென்ற மாதம் இணைய விற்பனையாளர் ஒருவரிடம் அதே 1780 தாலர் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். 'இருநூற்று நாற்பது ஆண்டுப் பழமையான அசல்' என்று அவர் எழுதியிருந்தார். வந்து சேர்ந்த நாணயமோ நேற்று அச்சகத்திலிருந்து எடுத்ததுபோல மின்னுகிறது. கேட்டதற்கு, 'ஆண்டு நாணயத்திலேயே இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?' என்றார். இங்குள்ள நாணயக் கடைக்காரர் ஒருவரிடம் மூன்றையும் காட்டினேன். மூன்றுமே மறு அச்சு, வெள்ளியின் எடைக்கு மேல் ஒரு காசும் பெறாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மறு அச்சு என்றால் போலி என்று பொருளா? மூன்றும் ஒரே மதிப்புடையவைதாமா? எந்த ஆண்டில், எந்த அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் சாலையில்) அடித்தார்கள் என்பதை வீட்டிலிருந்தபடியே ஓரளவுக்காவது கண்டறிய வழி உண்டா? விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும், அதில் பிழை இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மறுமொழி: உரைகல்

ஐயா, முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். போலி என்பது அச்சிடும் உரிமை இல்லாத ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது. மறு அச்சு என்பது உரிமையுள்ள ஓர் அக்கசாலை, பழைய அச்சுகளைக் கொண்டோ அவற்றின் வழிவந்த அச்சுகளைக் கொண்டோ, நாணயத்தில் உள்ள ஆண்டுக்குப் பிந்தைய ஒரு காலத்தில் அடித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மரியா தெரேசா தாலரின் கதை சற்று விநோதமானது. எனவே அதைச் சொல்லாமல் உங்கள் மூன்று நாணயங்களையும் பிரித்துப் பார்க்க இயலாது.

பேரரசி 1780 நவம்பர் 29 அன்று மறைந்தார். அந்த ஆண்டு பொறித்த தாலர், இன்றைய பவேரியாவில் இருக்கும் குன்ஸ்பர்க் நகர அக்கசாலையில் ஏராளமாக அடிக்கப்பட்டு, செங்கடல் வணிகத்தின் வழியே அரேபியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. அங்கே மக்கள் அந்த முகத்துக்கும் அந்த உருவத்தின் அணிகளிலுள்ள முத்துகளுக்கும் பழகிவிட்டார்கள். வேறு அரசரின் தலை பொறித்த நாணயத்தை, அதே வெள்ளி இருந்தாலும், வாங்க மறுத்தார்கள். அதனால் மகன் இரண்டாம் ஜோசப்பின் ஆட்சியிலும் அதற்குப் பின்னும் தாயின் உருவமும் 1780 என்ற ஆண்டும் மாறாமல் அச்சு தொடர்ந்தது. எஸ், எஃப் என்பவை குன்ஸ்பர்க் அக்கசாலை அதிகாரிகளான ஷோபல், ஃபாபி ஆகிய இருவரின் பெயர் முதலெழுத்துகள். அவர்கள் காலம் முடிந்து நெடுங்காலம் ஆன பிறகும், அந்த அக்கசாலையே இல்லாமற் போன பிறகும், எழுத்துகள் மட்டும் நாணயத்தில் நிலைத்துவிட்டன. 1858-இல் ஆஸ்திரியாவுக்குள் இது செல்லாக் காசானது. வெளிநாட்டு வணிகத்துக்காக மட்டும் வியன்னாவில் தொடர்ந்து அடிக்கப்பட்டது. 1867, 68-ஆம் ஆண்டுகளில் பம்பாயிலிருந்து அபிசீனியாவுக்கு, அதாவது எத்தியோப்பியாவுக்கு, படை எடுத்துச் சென்ற பிரித்தானியத் தளபதி நேப்பியர், வழியில் தீவனமும் கழுதையும் வாங்குவதற்கு வியன்னாவிலிருந்து இலட்சக்கணக்கில் இந்தத் தாலரைத் தருவிக்க வேண்டியிருந்தது. பிரித்தானிய நாணயம் அங்கே விலைபோகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனிதான் உங்கள் தாத்தாவின் காலம் வருகிறது. 1935-இல் எத்தியோப்பியாவின் மீது கண்வைத்த முசோலினி, ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளையும் 25 ஆண்டுகளுக்கான அச்சிடும் உரிமையையும் பெற்று, ரோம் நகரில் தாலர் அடிக்கத் தொடங்கினார். செங்கடல் வணிகத்தில் இருந்த மற்ற நாட்டு நிறுவனங்களுக்குத் தாலர் கிடைக்காமல் போகவே, பாரிசும் இலண்டனும் பிரசெல்சும் தாமாகவே அடிக்க முற்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1940, 41-ஆம் ஆண்டுகளில், நம் பம்பாய் அக்கசாலையும் 1 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட தாலர்களை அடித்தது. 1949 முதல் பர்மிங்காமும் இதில் சேர்ந்துகொண்டது. உரிமைக் காலம் முடிந்த பின் 1961 முதல் அச்சு மீண்டும் வியன்னாவின் கைக்கே வந்தது. இன்றும் அங்கே சேகரிப்பாளர்களுக்காக அடித்து விற்கிறார்கள். ஆக, 1780 என்ற ஆண்டு இந்த நாணயத்தில் ஒரு சின்னம் போன்றதே ஒழிய, பிறந்த நாள் அன்று. உங்கள் விற்பனையாளர் சான்றாகக் காட்டியது எதற்கும் சான்றாகாத ஒன்றை.

அடையாளம் காண்பதை உலோகத்திலிருந்து தொடங்குங்கள். தாலரின் விதிமுறை எடை 28.0668 கிராம். மாற்று ஆயிரத்துக்கு 833. அதாவது ஆறு பங்கில் ஐந்து பங்கு வெள்ளி. தூய வெள்ளி மட்டும் 23.39 கிராம். விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். நகைக் கடையில் உரைகல்லில் உரசிப் பார்க்க விடாதீர்கள். விளிம்பில் விழும் ஒரு கீறல் உங்களுக்குத்தான் இழப்பு. அதற்குப் பதிலாக, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசை எடுத்து, அதன்மேல் பாதியளவு நீர் நிறைந்த கண்ணாடிக் கோப்பையை வைத்து, எண்ணைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதவாறு நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். நாணயத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை ஒருமுறை அசைத்து நீக்கிவிட்டு, தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. 833 மாற்று வெள்ளிக்கு 10.2-ஐ ஒட்டி வர வேண்டும். நல்ல தாலர் 2.75 கிராம் அளவுக்குக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலியாக இருந்தால், அதே எடைக்கு 3.15 வரை ஏறிவிடும்.

அடுத்தது விளிம்பு. பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது இதைத்தான். தாலரின் விளிம்பில் நீதியும் கருணையும் என்று பொருள்படும் இலத்தீன் வாசகம், பேரரசியின் குறிக்கோள் வாசகம், நடுநடுவே பூவேலைகளோடு சுற்றிவரும். பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் விளிம்பு எழுத்தை முதலில் தனியாக உருட்டிப் பதித்துவிட்டு, பிறகே முகங்களை அடித்தார்கள். அதனால் எழுத்துகளின் இடைவெளி சீராக இராது. நாணயம் அச்சுக்கு அச்சு வட்டத்தில் சிறிது பிசகும். எடையைச் சரிசெய்ய அரத்தால் இழுத்த மெல்லிய கோடுகளும் சிலவற்றின் முகத்தில் எஞ்சியிருக்கும். பிற்கால இயந்திரங்களில் நாணயம் ஒரு கழுத்து வளையத்துக்குள் இருக்கும்போதே முகமும் விளிம்பும் ஒருசேர அழுத்தப்படுவதால், வட்டம் கறாராகவும் எழுத்துகள் ஒரே உயரமாகவும் நிற்கும். வார்த்துச் செய்த போலியில் இந்த எழுத்துகள் சோப்புக் கட்டியில் பதித்ததுபோல மழுங்கியிருக்கும். சில நேரம் இரு பாதிகளை ஒட்டிய கோடு விளிம்பின் நடுவில் ஓடும்.

இந்த இரண்டையும் பார்த்து இங்கே எழுதுங்கள். படம் எடுத்தால் நேர்வெளிச்சம் வேண்டாம். சன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள்.

மறுமொழி: வண்ணக்கன்

உரைகல் ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உருவத்தின் வலத்தோளில் ஆடையைப் பிடித்திருக்கும் பதக்கத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள முத்துகள், தலைமேல் இருக்கும் அணியின் முத்துகள், கழுகின் வால் இறகுகள், ஆண்டுக்குப் பின்னால் வரும் சாய்ந்த சிலுவையின் வடிவம், எஸ், எஃப் எழுத்துகளை ஒட்டிய புள்ளிகள் ஆகியவை அக்கசாலைக்கு அக்கசாலை, சில நேரம் அச்சுக்கு அச்சு, சிறிது மாறும். அரேபியச் சந்தைகளில் தாலரை வாங்குபவர்கள் முத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்கினார்களாம். முத்து மழுங்கிய நாணயத்துக்குத் தள்ளுபடி கேட்பார்கள். நாமும் அவர்கள் செய்ததையே கண்ணாடி வைத்துச் செய்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'தாத்தா ஏடனில் இருந்தார், பம்பாய் அக்கசாலை 1940-இல் அடித்தது, எனவே இது பம்பாய்த் தாலர்' என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். ஏடனில் 1951 வரை புழங்கியது இந்திய ரூபாய்தான். தாலர் ஏமன் உள்நாட்டிலிருந்து காப்பிக்கும் தோலுக்கும் விலையாகச் சந்தைக்கு வந்து போனது. அந்தச் சந்தையில் வியன்னா, ரோம், இலண்டன், பம்பாய் எல்லாம் ஒரே சாக்குப்பையில் கலந்து கிடந்திருக்கும். வியன்னாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாணயம்கூட உங்கள் பெட்டியில் இருக்கலாம். எங்கே கிடைத்தது என்பது அந்த நாணயத்தின் பயணத்தைச் சொல்லும். எங்கே பிறந்தது என்பதை அச்சின் கூறுகள்தாம் சொல்லும். அக்கசாலை உறுதியான மாதிரிகளின் தெளிவான படங்களோடு இறகு இறகாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஊர்ப்பெயரை எழுதலாம்.

கேட்டவரின் மறுமொழி: பொதிகைக்காசு

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை மூன்றையும் எடை போட்டேன். தேய்க்கப்பட்ட தாலர் 27.88 கிராம், நீரில் 2.74. வளையத் தடம் உள்ளது 28.19 கிராம், நீரில் 2.78. புதிதாக வாங்கியது 28.07 கிராம்; நீரில் 2.75. மூன்றுமே 10.1-க்கும் 10.3-க்கும் இடையில் வருவதால், வெள்ளி என்ற அளவில் நிம்மதி அடைந்தேன். வளையத் தடத்தில் எஞ்சியுள்ள பற்றுப்பொடிதான் அந்தக் கூடுதல் எடைக்குக் காரணம் என்று எண்ணுகிறேன்.

விளிம்பு பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்தது. வாங்கியதன் விளிம்பெழுத்துகள் அச்சுக்கோத்தாற்போல ஒரே சீராக நிற்கின்றன. தேய்க்கப்பட்டதிலும் அப்படியே, ஆனால் புழக்கத்தில் முனைகள் உருண்டிருக்கின்றன. வளையத் தடம் உள்ள நாணயத்தில்தான் வேறுபாடு: இரண்டு சொற்களுக்கு இடையிலான பூவேலை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கிறது. பேரரசியின் கன்னத்தருகே, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியுமாறு, இணையான நான்கைந்து மெல்லிய கோடுகள் அடிப்படையான உலோகத்துக்குள் இறங்கியிருக்கின்றன. அவற்றின்மேல் முக்காட்டின் மடிப்பு அச்சாகியிருக்கிறது. இவை அரக்கோடுகளாக இருக்குமா, அல்லது பின்னால் விழுந்த கீறல்களா?

மற்றொரு கேள்வியும் எழுந்தது. என் நண்பர் ஒருவரிடம் 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும், கண்ணாடிபோல் மின்னும் 1835 நான்காம் வில்லியம் ரூபாயும் உள்ளன. அவையும் மறு அச்சு என்று ஒருவர் சொன்னாராம். இரண்டும் தாலரைப் போன்றவைதாமா?

மறுமொழி: உரைகல்

கோடுகளின் மேல் மடிப்பு அச்சாகியிருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதே விடை. கீறல் பின்னால் விழுந்திருந்தால் மடிப்பின் மேட்டை அறுத்துக்கொண்டு போயிருக்கும். இங்கே கோடு முதலில் இருந்தது, அச்சு பிறகு விழுந்து அதை ஓரளவு அழுத்தி மறைத்தது. விளிம்பின் சீரின்மையும் அதே திசையில்தான் கைகாட்டுகிறது. இது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ பழைய முறையில் அடிக்கப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1780-லேயே அடித்த அசலா, அல்லது அதற்குப் பின் வந்த முற்கால மறு அச்சா என்பதைப் படம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்றில் சேகரிப்பாளர் தேடுவது இதைத்தான். வளையத் தடம் அதன் விலையைக் கணிசமாகக் குறைக்கும் என்பதும் உண்மையே. ஏமனில் இதைக் கழுத்தணியில் கோத்து அணிந்த பெண்களுக்கு, பின்னால் வரப்போகும் நம் கவலை தெரிந்திருக்க நியாயமில்லை.

உங்கள் நண்பரின் இரண்டு ரூபாய்களும் இரு வேறு வகை. 1862 என்று பொறித்த ரூபாய், ஆண்டை மாற்றாமலே 1874 வரை தொடர்ந்து அடிக்கப்பட்டது. பம்பாயில் அடித்தவற்றில் ஆண்டு எண்ணின் மேலும் கீழும் சிறு புள்ளிகளை வைத்து உண்மையான அச்சாண்டைக் குறித்தார்கள். அது புழக்கத்துக்கென்று அடிக்கப்பட்ட நாணயம். ஆண்டு உறைந்து நின்றதே ஒழிய, அதை மறு அச்சு என்று யாரும் சொல்வதில்லை. புள்ளிகளின் எண்ணிக்கைதான் அங்கே விலையை முடிவு செய்யும்.

கண்ணாடிபோல் மின்னும் 1835 ரூபாய் வேறு கதை. கல்கத்தாவும் பம்பாயும் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்து, சேகரிப்பாளர்கள் கேட்டால் மெருகேற்றிய தகட்டில் மீண்டும் அடித்துக் கொடுத்துவந்தன. 1970-இல் அது நிறுத்தப்பட்டது. அசல் அச்சு, அசல் அக்கசாலை, அசல் எடையான 11.66 கிராம், 917 மாற்று, எல்லாம் சரி. காலம் மட்டும் வேறு. இதை அடையாளம் காண ஒரு நுட்பம் உண்டு. அலமாரியில் நெடுங்காலம் கிடந்த எஃகு அச்சில் துரு அரித்து நுண்ணிய குழிகள் விழும். அந்த அச்சால் அடித்த நாணயத்தில் அக்குழிகள் மணல் தூவியதுபோல மேடான புள்ளிகளாக வரும். துருவைப் போக்க அச்சைத் தேய்த்து மெருகேற்றினால், அந்தத் தேய்ப்புக் கோடுகளும் நாணயத்தின் சமதளத்தில் மேடான இழைகளாகவே வரும். எழுத்தின் ஓரத்தோடு அவை நின்றுவிடும், எழுத்தின்மேல் ஏறா. மாறாக, யாரோ புழங்கிய ரூபாயை மாவு போட்டு மெருகேற்றிப் 'புரூஃப்' (சேகரிப்பாளருக்கென மெருகேற்றி அடித்தது) என்று விற்றால், கோடுகள் பள்ளமாக இருக்கும், எழுத்தின்மேலும் ஏறி இறங்கும். மேடா பள்ளமா என்பதை உருப்பெருக்கியின் கீழ் நாணயத்தை மெல்லச் சுழற்றி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். உங்கள் அம்மா தேய்த்த தாலரை எடுத்துப் பாருங்கள். பள்ளக் கோடு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மறுமொழி: கொற்கைமுத்து

மூத்தவர்கள் பேசும் இடத்தில் தாமதமாக நுழைகிறேன். தமிழில் 'மறு அச்சு' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறித்துவிடுகிறோம். பழைய அச்சால் புதுத் தகட்டில் அடிப்பது ஒன்று. புழங்கும் ஒரு நாணயத்தையே தகடாகக் கொண்டு, அதன்மேல் வேறு அச்சை அடிப்பது மற்றொன்று. இதை மேலச்சு என்று சொல்வது நல்லது. மேலச்சில் விலை ஏறும் போக்கே வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி 1807, 1808-இல் சென்னையில் அடித்த வெள்ளி அரைப் பகோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபக்கம் கோபுரமும் விண்மீன்களும், மறுபக்கம் திருமாலும், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பும் பொறித்த அழகிய நாணயம் அது. அதில் பல, ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மேல் அடிக்கப்பட்டவை. உற்றுப் பார்த்தால் கோபுரத்தின் அடுக்குகளுக்கு இடையே ஸ்பானிய அரசரின் பெயர் எழுத்து ஒன்றோ, விளிம்பின் பல்வரிசையோ ஆவிபோலத் தெரியும். பிரேசில் நாட்டின் 960 ரெய்ஸ் நாணயமும் இப்படியே. அடியில் இருந்த டாலர், ஸ்பானியரின் அமெரிக்க அக்கசாலைகளான மெக்சிகோவினதா, லீமாவினதா, பொதோசியினதா என்று படித்துச் சொல்லக்கூடிய நாணயத்துக்கு, படிக்க இயலாததைவிட விலை கூடுதல். அங்கே பழைய நாணயத்தின் எச்சம் குறை ஆகாது, அதற்காகவே வாங்குகிறார்கள்.

இன்னொன்று, மறு அச்சு என்றாலே மலிவு என்ற கடைக்காரரின் தீர்ப்பும் பொதுவிதி ஆகாது. அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலரில், அறியப்பட்டவை மிகச் சில மட்டுமே. அவற்றில் ஒன்றுகூட 1804-இல் அடிக்கப்பட்டதன்று. முதல் எட்டு, 1830-களில் மஸ்கட் சுல்தான், சயாம் மன்னர் போன்றோருக்கான அரசமுறைப் பரிசுகளுக்காக அடிக்கப்பட்டவை. மற்றவை அதற்கும் பிந்தியவை. மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகச் சொல்லப்படும் நாணயம் 2021-இல் 76 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. எத்தனை உள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. மரியா தெரேசா தாலர் கோடிக்கணக்கில் உள்ளது, அதனால்தான் மலிவு.

எனவே உங்கள் மூன்றையும் நான் மதிப்பிட்டால் இப்படிச் செய்வேன். முதலில் தரைவிலை: 23.39 கிராம் தூய வெள்ளியை அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். கணக்கு வசதிக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 2,339 ரூபாய் வரும். நீங்கள் வாங்கிய பளபளப்பான தாலர், 1961-க்குப் பிந்தைய வியன்னா அச்சு என்றே தோன்றுகிறது. அதற்குத் தரைவிலையோடு சிறு கூடுதல் கொடுக்கலாம், அவ்வளவே. 18,000 கொடுத்தது ஆண்டு எண்ணுக்குக் கொடுத்த விலை. விற்பனையாளர் 'அசல்' என்று எழுத்தில் கூறியிருப்பதால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் விவரத்துக்கு மாறானது என்று பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தேய்க்கப்பட்ட தாலர் போர்க்கால அச்சாகவே தெரிகிறது. தேய்ப்பு அதன் சேகரிப்பு மதிப்பை ஏறத்தாழ முழுவதுமாக எடுத்துவிட்டது. தரைவிலையில் வைத்துக்கொண்டு, தாத்தாவின் நினைவுக்கு அதையே கையில் எடுத்துப் பாருங்கள். அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள். என் வீட்டில் இதே வேலையை நானே பற்பொடி போட்டுச் செய்திருக்கிறேன். வளையத் தடம் உள்ளதற்கு மட்டும் தனி மதிப்பீடு தேவை. அதைத் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புவதானால், பற்றவைத்த தடத்தைக் குறிப்பிட்டு, எண் தரம் இல்லாமல் விவரச் சான்று மட்டுமே தருவார்கள். அந்தக் கட்டணம் நாணயத்தின் விலைக்கு ஈடாகுமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வண்ணக்கன்

 கொற்கைமுத்து அவர்களின் மதிப்பீட்டில் எனக்கு மாறுபாடு இல்லை.

சட்டம் பற்றியும் ஒரு சொல். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1975-இல் வியன்னாவில் அடித்த தாலரிலும் 1780 என்றே இருப்பதால், வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைத்தால் சுங்கத் துறையினரிடம் நீங்கள் நீண்ட விளக்கம் தர வேண்டியிருக்கும். அப்போது உரைகல் ஐயா சொன்ன விளிம்பைத்தான் காட்ட வேண்டும்.

மேலே அரபு எழுத்தில் 'அல் ஹிஜாஸ்' என்று சிறு முத்திரை குத்திய தாலர் எங்கேயாவது கண்ணில் பட்டால், உடனே பாய்ந்து வாங்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், மக்கா இருக்கும் மேற்கு அரேபியப் பகுதியான ஹிஜாஸில் உண்மையிலேயே அப்படி முத்திரையிட்டார்கள். ஆனால் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, மலிவான தாலரில் பின்னால் குத்திய போலி முத்திரை. நாணயம் அசல், முத்திரை போலி. அடர்த்திச் சோதனை அங்கே கைகொடுக்காது.

கேட்டவரின் மறுமொழி: பொதிகைக்காசு

விற்பனையாளரின் பக்கத்தைப் படம் பிடித்துவிட்டேன். பணம் கேட்டு எழுதியும்விட்டேன். வளையத் தடம் உள்ள தாலரின் ஆறு படங்களை, விளிம்பைச் சுற்றி நான்கும் முகத்துக்கு இரண்டுமாக, சன்னலோர வெளிச்சத்தில் எடுத்திருக்கிறேன். நாளைக்குள் இங்கே இடுகிறேன்.

பெட்டிக் குறிப்பில் இப்போதைக்கு இவ்வாறு எழுதியிருக்கிறேன்: 'மரியா தெரேசா தாலர் இரண்டு. பொறித்த ஆண்டு 1780. ஏடனிலிருந்து தாத்தா கொண்டுவந்தவை. முதலாவது: 28.19 கிராம், அடர்த்தி 10.14, சீரற்ற விளிம்பு, அரக்கோடு, வளையத் தடம்; பழைய அச்சு எனக் கருதப்படுகிறது. இரண்டாவது: 27.88 கிராம், அடர்த்தி 10.18, சீரான விளிம்பு, தேய்க்கப்பட்டது, இருபதாம் நூற்றாண்டு. அக்கசாலை:' என்று இரண்டுக்கும் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பென்சிலை நூலில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு சிறு கேள்வி. இப்போது நாணயங்களை மென்மையான நெகிழி உறைகளில் வைத்திருக்கிறேன். உறையின் உட்புறம் லேசாகப் பசையாக இருக்கிறது. இதனால் கேடு உண்டா?

மறுமொழி: உரைகல்

உண்டு. வளைந்து கொடுக்கும் அந்த உறை பிவிசியாக இருக்கும். அதிலிருந்து கசியும் பொருள் வெள்ளியின்மேல் பச்சை நிறப் பிசினாகப் படிந்து, நாளடைவில் அரிக்கும். இன்றே எடுத்துவிடுங்கள். பசை ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தூய அசிட்டோனில் சில நிமிடம் நனைத்து எடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு அருகில் இல்லாமல். துணியால் துடைக்க வேண்டாம், தானாக உலரட்டும். பிறகு மைலார் (பாலியெஸ்டர்) உறையிலோ, நாற்பது மில்லிமீட்டருக்குப் பொருந்தும் கெட்டியான நெகிழிக் குமிழிலோ வைக்கலாம். வளையத் தடம் உள்ளதற்கு ஓர் அளவு பெரிய குமிழாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பற்றுத்தடம் விளிம்புக்கு வெளியே சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும்.